மூன்று வண்டிகளுக்குப் பூசிய சேறு

கூட்டுரோட்டில் கேமரா வைத்த மாதமே அப்பாவின் போனுக்கு இரண்டு மெசேஜ் வந்தன. ஓட்டியவருக்கு ஹெல்மெட் இல்லை, அபராதம் ஆயிரம். பின்னால் உட்கார்ந்த அம்மாவுக்கும் இல்லை, இன்னொரு ஆயிரம். இருவரும் சேர்ந்து இரண்டு நாள் உப்பு வாரினால்தான் அந்தப் பணம்.

"ஹெல்மெட்டே வாங்கிடலாம்ப்பா," என்றேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "ரெண்டு வாங்கணும்டி. வாங்கி வரப்பு மேல வெச்சா எவனாவது தூக்கினு பூடுவான். தலையிலயே மாட்டிகினா உப்புக்கூடைய எங்க வெக்கிறது? உன் தலையிலயா?"

உப்பளத்தில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். பாத்திச் சேற்றை நம்பர் பிளேட்டில் அப்பிவிட்டால் கேமராவுக்கு எண் தெரியாது. ஆனால் சேறு காய்ந்ததும் உதிர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் இருக்கும் எனக்குத்தான் வண்டி துடைக்கும் வேலை. ஒருநாள் சேற்றில் சோற்றுக்கஞ்சியைக் கலந்து பூசிப் பார்த்தேன். சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டது.

அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுத் தனக்கோடி மாமாவும் எதிர்வீட்டு நடராசன் அண்ணனும் தங்கள் வண்டிகளை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்றும் ஒரே மாதிரி பழைய கறுப்பு மொபெட்.

"படிச்சிருந்தா நீ இன்ஜினியரு செல்வி," என்றார் தனக்கோடி மாமா. யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டேன்.

போன வியாழக்கிழமை நடராசன் அண்ணனைப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தியிருக்கிறார். "வண்டி பளபளன்னு இருக்குது, நம்பர்ல மட்டும் சேறு வந்து குந்திகிச்சா?" என்று கேட்டு, எச்சரித்து அனுப்பியிருக்கிறார். அண்ணன் வந்து என்னிடம் புலம்பினார். நம்பரில் மட்டும் இருப்பதால்தானே சந்தேகம் என்று எனக்குத் தோன்றியது. அன்று மாலையே வாளி நிறையச் சேறும் கஞ்சியும் கரைத்து, மூன்று வண்டிகளின் பின்பக்கம் முழுவதும் துடைப்பத்தால் தெளித்தேன். வாரக்கணக்கில் அளத்திலேயே கிடந்த வண்டிகள் போல ஆகிவிட்டன. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு நல்ல பனி. அப்பாவும் அம்மாவும் ஒரு வண்டியில், மற்ற இருவரும் தனித்தனியாகக் கிளம்பினார்கள். வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனை வரை வண்டிச் சத்தம் கேட்டது. சிவப்பு வெளிச்சம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

பனிதான் என்று உள்ளே வந்து அரைமணி நேரம் பாத்திரம் துலக்கினேன். மூலையில் இருந்த வாளியின் விளிம்பில் சேறு காய்ந்து இறுகியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் புரிந்தது. பின்லைட்டையும் சேர்த்து மூடியிருக்கிறேன்.

அம்மா வீட்டில் வைத்துவிட்டுப் போகும் போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். முழுதாக அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எதிரே பால் கேனோடு வந்தவர் யாரிடமோ கத்திச் சொல்லிக்கொண்டே போனார்: "வளைவாண்ட லாரி இட்ச்சிடுச்சுப்பா! அளத்து வண்டி!"

யார், எத்தனை பேர் என்று கேட்பதற்குள் அவர் தாண்டிப் போய்விட்டார். மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

வளைவில் லாரி நின்றிருந்தது. ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. சாலையோரம் ஒரு மொபெட் பின்சக்கரம் நசுங்கிக் கிடந்தது. பின்பக்கம் முழுக்க சாம்பல் நிறச் சேறு. என் கைவேலைதான். மூன்றையும் ஒன்றுபோல ஆக்கியிருந்தேன். எது எங்கள் வண்டி என்று எனக்கே தெரியவில்லை.

"லைட்டே இல்லீங்க சார், கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சுது," என்று லாரி டிரைவர் அழுதுகொண்டிருந்தார்.

போலீஸ்காரர் டார்ச்சை பிளேட்டில் அடித்துப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார். "நம்பரே தெரியல. யார் வூட்டுக்குன்னு தகவல் சொல்றது?"

நான் மண்டியிட்டு நகத்தால் சுரண்டினேன். கஞ்சி விடவில்லை. எச்சில் தொட்டுத் துப்பட்டாவால் தேய்த்தேன். நகக்கண்ணில் உப்பு எரிந்தது. முதலில் நாலு வந்தது. அப்பாவின் வண்டி நம்பரும் நாலில்தான் தொடங்கும். இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஒன்பது.

எங்களுடையது நாலு ஏழு.

"அப்பாடா," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அது யாருடைய நம்பர் என்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

"யார் வண்டிம்மா?"

"தனக்கோடி மாமாவுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சார் சேறு பூசினேன். லைட்டு மேலயும்."

கூட்டத்தில் ஒருவர், "சின்னப் பொண்ணு, ஏதோ உளறுது, வுடுங்க சார்," என்றார். போலீஸ்காரர் அவரைக் கவனிக்கவில்லை.

"எத்தினி வண்டிக்கு?"

"மூணு. மத்த ரெண்டும் அளத்துக்குப் போயிருக்கு."

அவர் என் பெயரையும் தெருவையும் எழுதிக்கொண்டார். "சாயங்காலம் அப்பாவைக் கூட்டினு ஸ்டேஷனுக்கு வா. இப்போ போயி அந்த ரெண்டு லைட்டையும் தொடை. போ!"

அளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது வெளுத்துவிட்டிருந்தது. அம்மா கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவள் நடந்து வருவதைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அம்மா கூடையை இறக்காமலே, "ஐயோ தனக்கோடி," என்று நின்றுவிட்டாள். அப்பா ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு போய் எங்கள் வண்டியின் லைட்டையும் நம்பரையும் தேய்க்க ஆரம்பித்தார்.

நான் இன்னொரு சாக்கை நனைத்துக்கொண்டு நடராசன் அண்ணனின் வண்டிக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"லைட்ட மட்டும் தொடை செல்வி. நம்பர அப்படியே வுட்டுடு."

நான் நம்பரையும் தேய்த்தேன்.

"ஏய், இன்னா பண்ற? திரும்பிப் போறப்ப மெசேஜ் வந்தா ஆயிரம் ரூபா நீயா கட்டுவ?"

"கட்டறேண்ணா," என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் என்னை முறைத்தார். பிறகு தனக்கோடி மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க, ஆஸ்பத்திரியில் இருக்கும் யாரையாவது பிடிக்க முடியுமா என்று போனை எடுத்தார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தபடி தேய்த்துக்கொண்டிருந்தேன்.