கடைசி கிரைண்டிங்

மாதவிக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பவன் யார் என்று பார்க்க மாட்டாள். அன்று காலை எதிரே நின்றவன் மெக்கானிக் லோகன். அவன் தலையெழுத்து அப்படி.

பண்டமாரானிலிருந்து இருபத்தெட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற பஸ் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். மூன்று வாரத்துக்கு முன்புதான் லோகன் அதன் இஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, உள்ளே சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் கடையில் இழைக்க வைத்து, திரும்பப் பூட்டிக் கொடுத்தான். முந்தாநாள் அது பிள்ளைகளோடு நடுரோட்டில் டொக் டொக்கென்று அடித்து நின்றுவிட்டது. சின்னதுகள் வெயிலில் சாலையோரம் நின்று அழுதன. நாலு வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே வேறு வேன் பிடித்துவிட்டார்கள். அடுத்த திங்களுக்குள் பஸ் ஓடாவிட்டால் மிச்சப் பேரும் போய்விடுவார்கள்.

லோகன் இஞ்சினை மறுபடி பிரித்து, கிராங்க் ஷாஃப்டைப் பட்டறைப் பலகைமேல் கிடத்தியிருந்தான். பேரிங் உட்காரும் கழுத்துகள் எல்லாம் கோடு கோடாகக் கீறிக் கிடந்தன.

"பேரிங்குல பொடி ஏறியிருக்குக்கா," என்றான். "கிரைண்டிங் பொடி."

"எப்படிடா ஏறும்? கண்ணை மூடிக்கிட்டா பூட்டுனே?"

"இல்லக்கா, அன்னிக்கு நீங்க..."

"நான் என்ன? நானா ஸ்பேனர் புடிச்சேன்? உன்னைக் கேட்டா கிரைண்டிங் கடையைக் கைகாட்டுவே, கடைக்காரரைக் கேட்டா உன்னைக் கைகாட்டுவாரு. என்னை வெச்சுப் பந்து வெளையாடுறீங்களா ரெண்டு பேரும்? தூக்கு அதை. வண்டியில ஏத்து."

பிரேக் பார்க்க வந்திருந்த ஒரு லோரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அப்புறம் வரேன் பாஸ்," என்று நழுவினார். லோகன் அவர் போவதைப் பார்த்தான், பிறகு மாதவியைப் பார்த்தான். நல்லா வேணும் என்று மாதவி நினைத்துக்கொண்டாள்.

மேரு என்கிற ஊரில் கிரைண்டிங் கடை வைத்திருக்கும் ராதாகிருஷ்ணன் அளவில் தவறாதவர், ஆனால் சிடுமூஞ்சி. மாதவி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள் உயிர் என்றால் உங்களுக்கு விளையாட்டா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். மனிதர் துணியால் கழுத்துகளைத் துடைத்து, மைக்ரோமீட்டரை வைத்து ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை அளந்தார்.

கிராங்கை ஒரு தடவை கிரைண்டிங் செய்தால் கழுத்து கால் மில்லி மெலியும். அந்த அளவுக்குத் தடித்த பேரிங் போட வேண்டும். இந்த கிராங்க் இரண்டு தடவை மெலிந்தாகிவிட்டது. இனி ஒரே ஒரு தடவைதான் பாக்கி. அதற்கு மேல் இதற்கு பேரிங்கே கிடையாது.

"கீறாத எடத்துல அரை மில்லி சரியா நிக்குது. அளவுல கொறை இல்ல."

"அப்ப பொடி வானத்துல இருந்து கொட்டுச்சா?"

அவர் ஒரு சாவியை எடுத்து, கிராங்குக்குள் எண்ணெய் ஓடும் துளையை அடைத்திருந்த பிளக்கைக் கழற்றினார். கம்பியை விட்டுக் குடைந்ததும் கறுப்பாகக் களிம்பு வழிந்தது. விரலில் தேய்த்துக் காட்டினார். உள்ளே பொடி மினுமினுத்தது.

"இதைக் கழுவவே இல்ல. நான் பிளக்கெல்லாம் கழட்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிளாஸ்டிக்ல சுத்தித்தான் குடுப்பேன். அன்னிக்கு நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டீங்க. சரி, லோகன்தான் அவசரத்துல எடுத்திருப்பான், அவனே கழுவிக்குவான்னு விட்டுட்டேன். ஒரு போன் போட்டிருக்கணும். அது என் தப்பு." லோகன் பக்கம் திரும்பினார். "நீ ஏண்டா கழுவாம பூட்டுனே?"

லோகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனைப் பார்த்துக் கத்துவதற்காக வாயைத் திறந்த மாதவி, திறந்தபடியே நின்றுவிட்டாள். அன்று பகல் இங்கே வந்தது லோகன் இல்லை. அவள்தான் வந்தாள், இரவல் வேனில், ஒரு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றவேண்டிய அவசரத்தில். கடையில் வங்காளதேசத்து வேலையாள் ஒருவன் மட்டும் இருந்தான். "போஸ் மாக்கான், துங்கு," என்றான் மலாயில். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், பொறுங்கள் என்று. பொறுப்பதாவது. கிராங்க் கண்ணாடி மாதிரி பளபளத்தது, அதற்குமேல் அதற்கு என்ன வேண்டும்? அவனையே தூக்கி வைக்கச் சொல்லி ஓட்டிக்கொண்டு போனாள். இறக்கும்போது லோகன் கேட்கத்தான் செய்தான், உள்ளே கழுவிட்டாங்களா அக்கா என்று. எல்லாம் முடிஞ்சிருச்சு லா, சீக்கிரம் பூட்டு என்று அவள்தான் சொன்னாள். கழுவுவது என்றால் என்ன என்றுகூட அவளுக்கு அன்று தெரியாது.

இப்போதும் அவள் சும்மா இருந்தால் போதும். பழி லோகன் தலையில் விடியும், அவனும் வாயைத் திறக்கப் போவதில்லை. அவன் அப்படி நின்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கன்னத்தில் அறை வாங்கினால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"அவனைக் கேக்காதீங்கண்ணே," என்றாள். "தூக்கிட்டுப் போனது நான். கழுவியாச்சான்னு அவன் கேட்டான். ஆச்சுன்னு சொன்னதும் நான்தான்."

ராதாகிருஷ்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுகிட்ட கேட்டுட்டு நீயும் நம்பிப் பூட்டியிருக்கே," என்று லோகனிடம் சொன்னார். பிறகு கீறலை நகத்தால் வருடிப் பார்த்தார். "முக்கால் மில்லிக்கு எறக்குனா கோடெல்லாம் போயிரும். ஆனா இதான் கடைசி. வெள்ளிக்கிழமை தரேன். நான் கூப்பிடாம இந்தப் பக்கம் வராதீங்க."

வெளியே வந்ததும் மாதவி லோகனைப் பிடித்துக்கொண்டாள். கோபம் தீர்ந்தபாடில்லை, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன்டா வாயை மூடிக்கிட்டு நின்னே? காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன்க்கா," என்றான் லோகன். "வண்டியில ஏத்துன்னு சொன்னீங்க. ஏத்திட்டேன்."