ஆரணி ஏரிக்கரையில் டெய்ஸி

பூவின் பேரைச் சொன்னால் சனிக்கிழமை திருமலைக்குக் கூட்டிப் போவார். சொல்லாவிட்டால் கல்யாணம் வரைக்கும், அதாவது இன்னும் நாற்பத்தோரு நாள், வெறும் போன்தான். பந்தயம் கட்டியது என்னைக் கட்டிக்கொள்ளப் போகும் அருணகிரி. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறார்.

கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்தவர், ஈரக் காகிதத்தில் சுற்றிய செடியை என் கையில் திணித்தார்.

"ஏரியோர ஈரத்துல தானா முளைக்கிறது. ஒரு வருஷம்தான் ஆயுசு. கூகுள் கூடாது, உங்கம்மாவையும் கேக்கக் கூடாது."

சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைப் பூ. சுற்றிலும் மெல்லிய இதழ்கள். நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் பாதிக் கதாநாயகிகள் இதன்மேல் படுத்துதான் வானம் பார்ப்பார்கள்.

"டெய்ஸி!"

"ஆரணி ஏரியில டெய்ஸியா? அப்புறம் பனி பெய்யுதும்ப. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம்."

அந்தக் கதாநாயகிகள் பூவைப் புத்தகத்தில் அழுத்தி வைப்பார்கள். என் கையில் இருந்ததோ நூலகப் புத்தகம். எங்கள் வீட்டில் அதைவிட இறுக்கமானது தறியில் துணி சுருட்டும் கட்டை. அம்மா என் முகூர்த்தப் புடவையை அப்போதுதான் ஒரு முழம் நெய்திருந்தாள். சந்தன நிறம். சுருளில் பூவைச் செருகிவிட்டு, ஒரே ஒரு பக்கம் படிக்கலாமென்று உட்கார்ந்தேன். அத்தியாயமே முடிந்துவிட்டது. நிமிர்ந்தால் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா இரண்டு சுற்று சுருட்டியிருந்தாள்.

"அம்மா, நிறுத்து! உள்ள பூ கீது!"

"இன்னா கீது?"

பிரித்தோம். நசுங்கிய தண்டின் சாறு பட்டில் ரூபாய் அளவுக்கு ஊறியிருந்தது. பச்சையாக இருந்த கறை, காற்றுப் பட்டதும் எங்கள் கண்ணெதிரே கறுத்துக்கொண்டே வந்தது. அம்மா வாயைத் திறந்தாள். பாய்ந்து பொத்தினேன்.

"திட்டும்மா, எவ்ளோ வேணா திட்டு. பேரை மட்டும் சொல்லிடாத!"

கறுக்கிற சாறு. ஞாயிற்றுக்கிழமை என் தலையில் அம்மா தேய்க்கிற எண்ணெய். அந்தப் பாட்டிலின் லேபிளில் இதே வெள்ளைப் பூ!

"கரிசலாங்கண்ணி!" போனில் கத்தினேன்.

"அட! எப்படிக் கண்டுபுடிச்ச?"

"முகூர்த்தப் புடவையில தேய்ச்சுப் பாத்தேன்."

அவர் குரல் சட்டென்று இறங்கியது. "அத்தைக்குத் தெரியுமா?"

அம்மா போனைப் பிடுங்கினாள். "பக்கத்துலதான் நின்னுகினு கீறேன் மாப்ளே. கறை போறதுக்கு வழி சொல்லுங்க."

"அது... போகாதுங்க அத்தை."

அம்மா கறையிலிருந்து நெய்யத் தொடங்கிய முனை வரை சாண் போட்டு அளந்தாள். முகம் இளகியது. "உள்சுத்துல சொருகுற எடந்தான். வெளிய தெரியாது." என் பக்கம் திரும்பினாள். "சனிக்கிழமை போய்ட்டு ஜல்தியா வந்துடு. எதையும் பறிச்சுகினு மட்டும் வராத!"