கோச் பிடித்த ஒட்டகம்

கோச் எப்போதும் அண்ணாந்து பார்த்தபடியே நடப்பதைக் கண்டு, மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார் என்று தெருவே பேசிக்கொண்டது. அவருக்கு மகளே கிடையாது. அவர் தேடியது உயரம். அவருடைய கல்லூரி இரண்டுங்கெட்டான். பெரிய கல்லூரிகள் கொத்திக்கொண்டு போன மிச்சம் மீதிதான் அவருடைய கூடைப்பந்து அணிக்குக் கிடைக்கும்.

அப்படித்தான், பர்னிச்சர் கடையில் பீரோ தூக்கிக்கொண்டிருந்த, ஒட்டகம் என்று பட்டப்பெயர் வாங்கிய பையனைப் பிடித்தார். அவன் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பையன் ஓடுவான், தாவுவான். ஃப்ரீ த்ரோ மட்டும் வராது. யாரும் மறிக்க மாட்டார்கள்; கோட்டில் நின்று நிதானமாகக் கூடையில் போட வேண்டியதுதான். அதில்தான் முழங்கை விலகி, பந்து தவறும். பெரிய கல்லூரிகள் அவனைச் சீண்டாததற்கும் அதுவே காரணம்.

தினமும் விடிந்ததும் விடியாததுமாக அவனைக் கோட்டில் நிறுத்தினார் கோச். அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, அவன் தேறிட்டா அடுத்த நாளே பெரிய காலேஜ்காரங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க. போன வருஷம் நீங்க தேத்திவிட்ட நெட்டையனுக்கும் அதானே ஆச்சு?"

"தெரியும்டி. தப்பாப் போடுறதைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையே."

அரையிறுதியில் அதுதான் வினையாக வந்தது. ஒரு புள்ளி பின்தங்கல், ஆட்டம் முடியும் தறுவாய், ஒட்டகத்துக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. மேலே, கூரையை ஒட்டிய கேலரியில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பெரிய கல்லூரி கோச் உட்கார்ந்திருந்தார். தவறவிட்டால் ஆட்டம் போகும், பையன் தங்குவான். போட்டால் பையன் போவான்.

ஒட்டகத்தின் முழங்கை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கோச் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம்தான் மூடுவது!

"முழங்கையை உள்ள கொண்டு வாடா, எருமை!"

முதலாவது விழுந்தது. இரண்டாவது வளையத்தில் தட்டி, யோசித்து, அதுவும் விழுந்தது.

கறுப்புக் கண்ணாடி இறங்கி வந்தது. "பையனை நல்லா தயார் பண்ணியிருக்கீங்க, சார்."

"உங்களுக்காகத்தானே" என்றார் கோச்.

அவர்கள் தனியே பேசி முடித்ததும் ஒட்டகம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"சார், வரச் சொல்றாங்க. நீங்க வேணாம்னா போகலை, சார்."

கோச் பந்துகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அங்க ஹாஸ்டல் கட்டில் எவ்வளவு நீளம்னு கேட்டியா?"

"இல்லை, சார்."

"போய்க் கேளுடா மொதல்ல. இங்கதான் காலை மடக்கியே படுத்துக் கெடந்தே."