லிஜாவின் பெயருக்கு நெட் இல்லை

"பூட்டினியாட்டி?" என்று மூன்றாம் தடவையாகக் கேட்டார் மீன் வியாபாரி ததேயுஸ்.

மகள் லிஜா மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் அப்பா, சிஜோ, லிஜா என்று ஆளுக்கொரு கணக்காக மூன்று பெயர்கள். பெண்பிள்ளைகள் கையில் இன்டர்நெட் ஆகாது என்று ஞாயிற்றுக்கிழமை, பங்குக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். பையன்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஆண்டவர் அவர்களைச் சோதனைக்கு அப்பாற்பட்டவர்களாகப் படைத்திருந்தார் போலும். சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டில் நெட்டைப் பூட்டத் தெரிந்த ஒரே ஆள் பூட்டப்பட வேண்டிய ஆள்தான். அண்ணன் சிஜோவுக்குத் துப்பாக்கி விளையாட்டு மட்டுமே தெரியும்.

"எனக்குப் பூட்டியாச்சுப்பா. இனி உங்க பேருக்குப் பாஸ்வேர்ட் போடுங்க."

"நீ கண்ண மூடு."

மூடினாள்.

"ஏட்டி, எம் எங்க கெடக்கு?"

"கடைசி வரிசை, வலது பக்கம்."

பிறகு ஏ கேட்டார், ஆர் கேட்டார், ஐ கேட்டார். கண்ணைத் திறக்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அப்பாவின் ரகசியம் பத்திரமாக அவளிடமே இருந்தது. ஆனாலும் அப்பா, அண்ணன் பேர்களைத் தொடுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருந்தாள், தொடவுமில்லை.

மூன்று வாரம் கழித்து எம்.சி.ஏ.வுக்கு இடம் கிடைத்திருப்பதாகத் தோழி சபிதா போனில் சொன்னாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் நெட்டில் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் வேறொருத்திக்கு. காலையிலிருந்து சிஜோவிடம் கெஞ்சினாள். "பொறுட்டி, வந்து பாத்துத் தாறேன்" என்று அஞ்சுகிராமத்துக்குக் கிரிக்கெட் ஆடப் போனவன் திரும்பவில்லை.

நாலு மணிக்கு ததேயுஸ் வந்தார். கையில் ஸ்டூடியோக்காரன் கொடுத்த சி.டி.

"மக்களே, இஞ்ச வா. கல்யாண சைட்டுல உனக்க படத்தப் போடணும். எனக்க பேர்ல தொறந்து தாறேன், நீ அடி. நெறம் செவப்புன்னு போடு. கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும்னு போடு."

"இத ஆரெல்லாம் பாப்பாவ, அப்பா?"

"ஒலகமே பாக்கும்! துபாய், குவைத்து..."

"நான் பாக்கலாமா?"

"உனக்கெதுக்குட்டி?" என்று சிரித்தார்.

லிஜா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ மொதல்ல எனக்க சீட்டு. அஞ்சு மணிக்குப் பொறவு அது போயிரும். அது முடிஞ்சாத்தான் இது."

ததேயுஸின் முகம் கறுத்தது. மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா விக்டோரியா ஈரக்கையோடு வந்து அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இருங்க. மகளுக்க மூஞ்சிய ஒலகத்துக்குக் காட்டலாம், மக ஒலகத்தப் பாத்தா மட்டும் பாவமாக்கும்? உங்க கண்ணு முன்னாலதான செய்யுது, செய்யட்டு."

அன்பியத்தில் அரைமணி நேரம் பேசுகிறவர் தன் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்துத் திறந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நாலு ஐம்பதுக்கு சீட் உறுதியானது.

பிறகு லிஜா சொன்னபடியே கல்யாணப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். கடைசியில் 'பெண்ணின் எதிர்பார்ப்பு' என்று ஒரு கட்டம்.

"அது சும்மா கெடக்கட்டு" என்றார் ததேயுஸ். "பொண்ணுக்கு என்ன எதிர்பார்ப்பு?"

லிஜா நிதானமாக அடித்தாள்: 'படிப்பு இருக்கிறது. மூன்று வருடம் கழித்து வரவும். மாப்பிள்ளைக்குத் திறந்திருப்பதெல்லாம் எனக்கும் திறந்திருக்க வேண்டும்.'

அப்பா சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அனுப்பியும் விட்டாள்.