எண்ணிக்கைக்கு வந்த வண்டிகள்

அந்த நீல வேன் எட்டாவது தடவையாக என் முன்னால் போனபோதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டிக்கொண்டு போனவர் மாமா, என் அக்காவின் கணவர். வேன் யாரோ பஞ்சர் ஒட்ட விட்டுப்போனது. கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார். நான் தாளில் இன்னொரு கோடு போட்டேன்.

கடைத்தெரு முனையில் நாற்காலி போட்டு, போகிற வருகிற வண்டிகளை எண்ணுவது என் பிழைப்பு. மூன்று நாள் எண்ணிக்கை. ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை வேண்டுமா என்று அதை வைத்துத்தான் மேலே முடிவு செய்வார்கள். அது வந்துவிட்டால் லாரிகள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மாமாவின் பஞ்சர் கடையிலும் அதை ஒட்டிய அக்காவின் டீக்கடையிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். எங்களுக்கு விதி ஒன்றுதான்: எது கடந்து போனாலும் ஒரு கோடு. யார், எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்கத் தெம்பும் இல்லை. இரண்டு நாள் வெயிலில் முதுகு விட்டுப்போயிருந்தது.

மதியம் அக்கா டீ கொண்டுவந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"எத்தனைடா ஆச்சு?"

"நேத்தைவிட ரெண்டு மடங்குக்கா."

"ஆகாதா பின்னே? காலைலேர்ந்து வீடு வீடாப் போயி, இருக்கற வண்டியெல்லாம் எறக்கிட்டாரு மாமா. இவ்வளவு வண்டி ஓடற ஊர விட்டுட்டு எவனாவது வேற பக்கம் ரோடு போடுவானா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அக்கா, நெரிசல் இருந்தாத்தான் வெளிய ரோடு போடுவாங்க. வண்டி கம்மியா இருந்தா இருக்கறதே போதும்னு விட்டுருவாங்க."

அவள் என் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கோடெல்லாத்தையும் அழிச்சிருடா."

"மணிக்கொரு தடவ மேலதிகாரி வந்து தாள வாங்கிட்டுப் போயிடறாருக்கா."

"இத மொதல்லயே சொல்ல ஒனக்கு வாய் இல்லையா?"

இருந்தது. திறக்கத்தான் சோம்பல். என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

நீல வேன் திரும்பி வருவதைப் பார்த்ததும் அக்கா நடுரோட்டுக்கு ஓடி இரண்டு கையையும் விரித்து நின்றாள். மாமா பிரேக் போட்டார். பின்னால் வந்த டிராக்டர் நின்றது, அதன் பின்னால் ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள், வெளியூர் லாரிகள். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அப்படியொரு நெரிசல் ஏற்பட்டதே இல்லை. ஹாரன் சத்தத்தில் அக்கா கத்துவது யாருக்கும் கேட்கவில்லை.

தாள் வாங்க வந்த மேலதிகாரி என் நாற்காலி மேல் ஏறி நின்று, செல்போனில் அதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா ஜன்னல் வழியே தலையை நீட்டி, பல்லெல்லாம் தெரிய, படத்துக்குச் சிரித்தார்.