கடலில் செத்தவருக்குப் பாத்திஹா

இப்போதெல்லாம் மனுசர்களுக்குப் பக்கத்து ஊரில் படுத்துக் கிடக்கும் சொந்த மாமியைப் போய்ப் பார்க்க நேரமில்லை. செத்து மக்கிப்போன பாட்டனைக் கம்ப்யூட்டரில் தேட மட்டும் நேரம் கொட்டிக் கிடக்கிறது. அசன் முகைதீனின் மருமகன் ரஃபியும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி கம்பெனி அவனை ஆறு மாதப் பயிற்சிக்கு இங்கிலாந்து அனுப்பியது. போனவன் வேலையைப் படித்தானோ இல்லையோ, ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ஏதோ ஒரு பட்டிக்காட்டுச் சர்ச்சுக்குப் போய்ப் பழைய பதிவேடுகளைப் புரட்டிவிட்டு வந்திருக்கிறான்.

பழவேற்காடு என்று கம்ப்யூட்டரில் அடித்தபோது அந்தச் சர்ச்சின் கல்லறைப் பட்டியல் வந்ததாம். அதில் அசன் முகைதீனுடைய வாப்பாவின் பெயர்: காதர் மீரான், பழவேற்காடு, மதராஸ். 1943இல் அங்கேயே கல்யாணம், 1968இல் சாவு. ஒரே மகள், இன்னும் இருக்கிறாளாம்.

அசன் முகைதீன் அறிந்த கதை வேறு. கப்பலில் கரி அள்ளப் போன வாப்பா, 1941 சண்டையில் கப்பலோடு முழுகினார். தகவல் வந்த அன்றே உம்மா தாலிக் கருகமணியைக் கழற்றினாள், வயது இருபத்திரண்டு. நான்கு மாதம் பத்து நாள் வெளியே முகம் காட்டாமல் இத்தா இருந்தாள். மறுமணம் பேச வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். வருசம் தவறாமல், கப்பல் முழுகிய ரஜப் மாதப் பிறை ஏழில் சோறாக்கி, செத்தவருக்காகப் பாத்திஹா ஓதவைத்தாள். அவள் போனபின் அவர் ஓதவைக்கிறார்.

நாளைக்குப் பிறை ஏழு. இந்த நேரம் பார்த்துத்தான் ரஃபி அந்தச் சர்ச்சுப் பதிவேட்டின் நகலை நீட்டினான்.

"மாமா, அவரு செத்தது ஷஃபான் மாசம், கணக்கு போட்டுப் பாத்துட்டேன். பாத்திஹாவ அதுக்கு மாத்திக்கலாம். அவரு மக, அந்தம்மாவும் வரேன்னுது. உங்க உம்மா அடக்கமான கபர பாக்கணுமாம்."

"பழவேற்காட்ல காதர் மீரான் ஒருத்தன்தானா? ஊட்டுக்கு ஊடு கீறான்."

கல்யாணப் பதிவில் தமிழில் கையெழுத்து இருந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி எழுத்தின் வால் கீழே நீண்டு வளைந்திருந்தது. அவர் பிறந்த நாளை வாப்பா குர்ஆன் அட்டையின் உள்ளே குறித்துவைத்த எழுத்திலும் அதே வால். நகலைக் குப்புறக் கவிழ்த்தார்.

"இருபத்தேழு வருசம் உசுரோட, பொண்டாட்டி புள்ளயோட குந்திக்கினு இருந்தவனுக்கா எங்க உம்மா ஓதிக்கினு இருந்தா? சொல்லுடா."

அவர் மகள், ரஃபியின் பெண்டாட்டி உமைராதான், அந்தம்மா உங்களுக்குத் தங்கச்சி முறையாச்சே, என்ன பாவம் பண்ணுச்சு என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"எனக்குத் தங்கச்சி கிடையாது. எங்க வாப்பா கடல்ல செத்தாரு. நீ அரிசிய ஊறப்போடு."

பாத்திஹா ஓதும் லெப்பையிடம் நாளைக்கு வரச் சொல்லவேண்டும் என்று செருப்பை மாட்டினார். கையெழுத்தையாவது இன்னொரு தரம் பாருங்கள் என்று ரஃபி வாசல்வரை வந்தான். எவன் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதுவான் என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, பள்ளிவாசல் பக்கமாக நடந்தார்.