கேட்ட விலைக்குக் கிடைத்த டிரம்

நான் சொன்ன விலைக்கு மதுரம் மாமி "சரி" என்றார். அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

நான் சொன்னது விலையே இல்லை. முதலில் நாம் ஒரு தொகை சொல்வோம், எதிராளி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், அப்புறம் காபி வரும், அதற்கப்புறம்தான் வியாபாரம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இப்படித்தான். தஞ்சாவூரில் வாத்தியக் கடை வைத்த இருபத்திரண்டு வருடத்தில், முதல் தொகைக்குத் தலையாட்டியவரை நான் பார்த்ததில்லை. மாமி தலையாட்டியதோடு நிற்கவில்லை. இரண்டு ஜோடிக் குச்சியைச் சும்மா கொடுத்தார். "பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கூப்பிடட்டுமா? காசு நான் கொடுத்துடறேன்" என்றார்.

விற்கிறவரே வண்டிக்கூலியும் கொடுக்கிறார் என்றால் மூட்டைக்குள் பிணம்தான் இருக்க வேண்டும்.

மூட்டைக்குள் இருந்தது ஒரு பழைய ஸ்நேர் டிரம். மாமியின் கணவர் நாகேஸ்வரன் ரயில்வேயில் இருந்தவர். அங்கே பேண்டில் வாசித்தவர். மூன்று வருடம் முன்பு காலமாகிவிட்டார். திருவிடைமருதூரில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. நான் போனபோது டிரம்மை இரண்டு ஜமக்காளத்தில் சுற்றி, கயிறு கட்டி, வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். பித்தளை உடல், மேலே நிக்கல் முலாம். பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறியிருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, எப்போதோ கப்பலில் வந்த சரக்கு. பள்ளிக்கூடங்களுக்குத் தகர டிரம் விற்றே நரைத்தவன் நான். ஒரு பொருளை விற்காமல் எனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றுதான் முதல் தடவையாக ஆசை வந்தது.

"நல்லா சத்தம் வருமா மாமி?"

மாமி உதட்டில் விரலை வைத்தார். ஜமக்காளத்தை அவசரமாக மறுபடி சுற்றினார். அப்புறம்தான், "வரும், வரும். நன்னா வரும்" என்றார், கிசுகிசுப்பாக.

வீட்டுக்கு வந்ததும் காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அசல் பித்தளை. என் சந்தேகம் கூடியது.

மேல் வளையத்தின் பத்துத் திருகாணிகளையும் கழற்றினேன். மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவது, டீசலில் ஊறப்போட்டேன். பத்தும் ஒரே அச்சு. ஒன்றுகூட மாற்றுச் சரக்கு இல்லை. மேல் தோலை எடுத்து, போன் வெளிச்சத்தில் உள்ளே விரிசல் தேடினேன். இல்லை. பற்றவைத்த தழும்பு? அதுவும் இல்லை. என் மனைவி மேகலா குத்துவிளக்கு தேய்க்கிற ஞாபகத்தில் ஒரு உருண்டை புளியோடு வந்தாள். முலாம் போய்விடும் என்று விரட்டினேன். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி, இடுக்குகளுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி என்று மூன்று நாள் போனது. களிம்பு விலக விலக அதில் என் முகம் தெரிந்தது. திருடனைப் பிடிக்க வந்தவன் முகம்.

"என்னங்க, குறை கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல."

"குறை இல்லேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி மேசைமேல் வைத்தேன். சமையலறையிலிருந்து மேகலா, "சாப்பிட வாங்க!" என்று குரல் கொடுத்தாள்.

'சர்ர்ர்' என்றது டிரம். யாரும் தொடவில்லை.

"என்னங்க சத்தம்?" என்று எட்டிப் பார்த்தாள். மறுபடி 'சர்ர்ர்'.

"நீ பேசினா பதில் சொல்லுது."

"இந்த வீட்டுல அது ஒண்ணாவது சொல்லுதே."

குனிந்து பார்த்தேன். ஸ்நேர் டிரம்மின் கீழ்த் தோலை ஒட்டிக் கம்பிச் சுருள்கள் ஓடும். பக்கவாட்டில் இருக்கும் லீவரை மேலே தூக்கினால் அவை தோலில் ஒட்டிக்கொள்ளும். அப்போது குச்சியே வேண்டாம். மேல் தோல் பூட்டியிருந்தால், பக்கத்தில் யாராவது பேசினாலும் கூடச் சேர்ந்து அதிரும். அதனால் வாசிக்கிறவர்கள் முடித்ததும் கையோடு லீவரை இறக்கிவிடுவார்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தொடாமல் விட்டிருந்த இந்த லீவர், மேலே தூக்கியபடியே, பழைய கிரீஸ் இறுகி உறைந்து நின்றது. எண்ணெய் விட்டு அசைத்து அசைத்து இறக்கினேன். கத்திப் பார்த்தேன். மூச்சு இல்லை.

இரண்டு ஜமக்காளமும், கிசுகிசுப்பும், ஆட்டோக் காசும் இப்போது விளங்கின. சத்தம் தாங்காமல் தள்ளிவிட்டிருக்கிறார். ஒரு லீவரை இறக்கியிருந்தால் தீர்ந்திருக்கும்.

"அவங்களுக்குச் சொன்னீங்களா?" என்றாள் மேகலா.

"சொன்னா திருப்பிக் கேப்பாங்க."

"மூணு நாளா அந்தம்மா ஏமாத்துறாங்களான்னு பாத்தீங்க. இப்ப ஏமாத்துறது யாருன்னு பாத்துக்கங்க."

மறுநாள் காலை டிரம்மோடு பஸ் ஏறினேன்.

மாமி கதவைப் பாதிதான் திறந்தார். "யாரு, குணசேகரனா? வித்த சாமான் வித்ததுதான். திருப்பி எடுத்துக்க மாட்டேன்."

"அந்தச் சத்தம் எதனாலன்னு தெரிஞ்சுபோச்சு மாமி."

"சத்தமா? என்ன சத்தம்?" என்றார் மாமி. ஆனால் கதவு முழுசாகத் திறந்துவிட்டது.

லீவரைத் தூக்கிக் காட்டினேன். கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 'சர்ர்ர்'. இறக்கினேன். அடுத்த பஸ்ஸுக்கு டிரம் சும்மா இருந்தது.

"அவர் இருந்தவரைக்கும் இது வாயைத் திறந்ததில்லே."

"வாசிச்சு முடிச்சதும் இறக்கி வச்சிருப்பார் மாமி."

"அன்னிக்கு முடிக்கலையே." மாமி லீவரைத் தொட்டுப் பார்த்தார். "காபி குடிச்சுட்டு வரேன்னு எழுந்து வந்தார். டம்ளர் கையிலே இருக்கறச்சேயே சாஞ்சுட்டார். அப்புறம் மூணு வருஷமா, நான் போன் பேசினா, பஸ் போனா, குக்கர் விசில் அடிச்சா, எல்லாத்துக்கும் ஒரு முணுமுணுப்பு. அவரும் அப்படித்தான். கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார்."

"வேணும்னா நீங்களே வச்சுக்கங்க மாமி." சொன்ன நாக்கை உடனே கடித்துக்கொண்டேன்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் காந்தம் வைக்கிறபோது பார்க்கிற பார்வை.

"இவ்வளவு தேய்ச்சு, பஸ் ஏறிக் கொண்டுவந்து, வச்சுக்கோங்கறேள். இதுல வேற என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்ல மாமி."

"அப்படின்னா ஒரு நாள் இங்கே இருக்கட்டும். பாத்துட்டு, பிடிச்சா உங்க பணத்தைத் தரேன். பிடிக்கலேன்னா வந்து எடுத்துண்டு போங்கோ. பஸ் காசு உங்களோடது."

அடுத்த நாள் பத்து மணிக்குப் போன் வந்தது.

"சத்தமே வரலை," என்றார் மாமி.

"வராது மாமி."

"பஸ் போச்சு, வரலை. குக்கர் அடிச்சுது, வரலை. என் நாத்தனாரோட ஒரு மணி நேரம் பேசினேன், அப்பவும் வரலை."

குறை சொல்கிற குரலாக இருந்தது. எனக்கு நம்பிக்கை துளிர்த்தது. "வேண்டாம்னா மத்தியானமே வந்து எடுத்துக்கிறேன்" என்றேன், அக்கறையில்லாதவன் மாதிரி.

டிரம்மை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த லீவரை எந்தப் பக்கம் தூக்கணும்?"

தப்பான பக்கம் சொல்லியிருக்கலாம். ஒரு நொடி தோன்றவும் செய்தது.

"உங்க பக்கமா இழுத்து, மேலே தூக்குங்க."

'டக்' என்று கேட்டது.

"இப்ப சரியா இருக்கா மாமி?" என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலிருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து என் கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி 'சர்ர்ர்' என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. அதற்கும் என்மேல் நம்பிக்கை இல்லை.